எங்கள் வார்டு ஸ்டூல்

பெரிய டாக்டர் வந்தபோது ஒரு நர்ஸ் எழுந்திருக்கவில்லை என்பதற்காக, எங்கள் வார்டில் இருந்த ஒரே ஸ்டூலையும் எடுத்துப்போனார்கள். ஐம்பதுகளில், திருச்சியில் நான் நர்ஸாக இருந்தபோது நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் கால் கடுத்துச் சுவரில் சாய்ந்தேன். வயிற்றில் தையலோடு படுத்திருந்த உறையூர்க்கார அம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு கால்களை மடக்கி இடம் விட்டாள்.

"இப்படி உட்காருங்க சிஸ்டர். யாராவது கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

உட்கார்ந்தேன். தையலோடு கிடந்தவளுக்குத் தோன்றியது, எங்களை வேலை வாங்குகிறவர்களுக்குத் தோன்றவில்லையே!

அந்த வாரமே ராஜினாமா கொடுக்கப் போனேன்.

"ஏம்மா, நர்ஸுங்க ஒருத்தரும் இங்க நிலைக்க மாட்டேங்கிறீங்க?" என்றார் பெரிய டாக்டர், நிஜமாகவே புரியாமல்.

அவர் மேஜைக்குப் பக்கத்தில் எங்கள் ஸ்டூல். அதன்மேல் அவருடைய தொப்பி உட்கார்ந்திருந்தது.