குணசேகரன் காரின் வெடிச்சத்தம்

குணசேகரன் ஆவடித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. பக்கவாதம் வந்த அவர் மனைவி சரசாவைக் கவனிக்க நர்ஸாக நான் போன முதல் நாளே, தலையணை வைத்த விதத்தைத் திருத்தினார். நான் சரியாகத்தான் வைத்திருந்தேன்.

அவரிடம் இங்கிலாந்தில் செய்த பழைய கார் ஒன்று உண்டு. இரண்டே இருக்கை, கூரை கிடையாது. சரசா உட்காரத் தொடங்கியதும் அதில் பருத்திப்பட்டு ஏரி வரை கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் புகைக்குழாய் டமாரென்று வெடித்தது. வீட்டு வாசலில் வெடித்தாலே சரசாவுக்கு உடம்பு தூக்கிப்போடும்.

மெக்கானிக் தேவா அப்போதுதான் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து கொடுத்திருந்தார். குணசேகரன் நேரே தெருமுனை டீக்கடைக்குப் போய், அங்கே நின்றிருந்த தேவாவிடம் எல்லார் எதிரிலும் கத்தினார்.

"வேலை தெரியாதவன் எதுக்குய்யா ஸ்பேனரைத் தொடுறே?"

"சார், கார்புரேட்டர் நல்லாத்தான் கீது. பைப்பாண்ட காத்து பூந்துகினு கீதான்னு ஒருவாட்டி பாத்துடலாம்."

"எனக்குத் தெரியும். நீ கெளம்பு."

அதன்பின் அந்தத் தெருவில் தேவாவிடம் யாரும் வண்டி விடவில்லை.

குணசேகரன் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார், பொறி விழும் டைமிங் பார்த்தார். எல்லாம் சரி. வேறு வழியில்லாமல் தேவா சொன்னதையும் பார்த்தார். எஞ்சின் ஓட, ஓட்டை இருந்தால் காற்று அதன் வழியே சீறட்டும் என்று, நான் கையுறை போட்டு, புகைக்குழாய் வாயில் ஈரத்துண்டை அழுத்திப் பிடித்தேன். அவர் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சின் பக்கம் நீட்டிக் குனிந்தார்.

"கேக்குதா?" என்றேன்.

எஞ்சினும் புகைக்குழாயும் சேரும் இடத்தில் புஸ்ஸென்று காற்று வந்தது. குழாய்க்கு வெள்ளி பெயிண்ட் அடிக்க, போன மாதம் அவரே கழற்றி மாட்டிய இடம். காற்று கசியாமல் நடுவில் வைக்க வேண்டிய கேஸ்கெட் தகடு பிரிக்காத உறையில் அலமாரியிலேயே இருந்தது. காலை எடுக்கும்போதெல்லாம் அந்த இடுக்கில் உள்ளே புகுந்த காற்றுதான், எரியாமல் வந்த பெட்ரோலை வெடிக்க வைத்திருக்கிறது.

கேஸ்கெட்டைப் போட்டதும் சத்தம் நின்றது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

"தேவாகிட்ட போன்ல சொல்லிடறேன், சிஸ்டர்."

சரசாவுக்கு இன்னும் நாக்கு இழுக்கும். "திட்டினது... போன்லயா?" என்றார்.

மறுநாள் காலை சரசாவைத் தலையணை கொடுத்துக் காரில் உட்கார வைத்தேன். குணசேகரன் மெதுவாக ஓட்ட, டீக்கடை வரை பின்னாலேயே நடந்தேன். தேவா டீ குடித்துக்கொண்டிருந்தார். குணசேகரன் இறங்கி, தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

டீ மாஸ்டர் வேம்புலி, "இன்னா சார், ஒன்னுங் கேக்கல!" என்றார்.

"கேஸ்கெட் போடாம விட்டது நான்தான். தேவா மேல தப்பில்லை."

இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. தேவா, "சரி சார்" என்று மட்டும் சொல்லி, அவர் முகத்தைப் பாராமலே கிளாஸை வைத்துவிட்டுப் போனார்.

குணசேகரன் வந்து உட்கார்ந்தார். சாவியைத் தொடவில்லை.

"ஏரிக்குப் போலாங்க," என்றார் சரசா. "வெயில் ஏறுது."