மாமா கழற்றிய கியர்

என் தாய்மாமாவோடு நான் ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை. அவர் என் சைக்கிளைக் கெடுத்தார். அதுவும் தெரியாமல் அல்ல, வேண்டுமென்றே.

உதவி மேனேஜராக இருந்து சீமைக்குத் திரும்பிய சின்னத்துரை விட்டுப்போன பந்தய சைக்கிள் அது. தேயிலை ஃபேக்டரியில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் மாமாதான் அதைக் கேட்டு வாங்கி எனக்குத் தந்தார். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதைத் தாண்டி ஹட்டன் டவுனுக்குப் படிக்கப் போனதில் எங்கள் வீட்டில் நான்தான் முதல் ஆள்.

பின்சக்கரத்தில் சிறிதும் பெரிதுமாக ஐந்து பல்சக்கரங்கள். கியரைத் தள்ளினால் செயின் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். பெரியதில் போட்டால், பள்ளிக்குப் போகும் வழியில் தோட்ட மேனேஜரான பெரிய துரை பங்களாவுக்கு முன்னால் உள்ள ஏற்றத்தைக்கூட இறங்காமல் ஏறிவிடலாம். நான்கு நாள் அப்படித்தான் ஏறினேன். அந்த ஏற்றத்தை மிதித்தே ஏறியவன் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் வேறு யாரும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா சைக்கிளை வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்தார். கியர் தனியாகக் கிடந்தது. செயினை வெட்டிக் குட்டையாக்கி, ஒரேயொரு பல்சக்கரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அதுவும் எது? இருப்பதிலேயே சின்னது!

"என்னா மாமா இது! சின்னதப் போட்டா ஏத்தத்துல மிதிக்க ஏலாது. பெருச மாட்டுங்க!"

"ஒன்னு போதும் மருமகனே. கியரு சும்மா கழண்டுக்கிட்டே இருக்கும்."

"அப்ப பங்களா ஏத்தத்துல எப்படிப் போறதாம்?"

"எறங்கித் தள்ளு. காலு என்னா, தேஞ்சா போயிரும்?"

அப்பாவிடம் ஓடினேன். "மாமா சொல்றதக் கேளு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஃபேக்டரியின் அத்தனை சக்கரங்களையும் சுழல வைக்கிற மனிதருக்கு, நான் வகுப்பில் போட்ட பல்சக்கரக் கணக்குத் தெரியாதா?

மறுநாள் பல்லைக் கடித்து மிதித்துப் பார்த்தேன். பங்களா கேட்டுக்குச் சற்று முன்னால் சைக்கிள் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினேன். மாலையில் மாமா கேட்டார்:

"எங்க எறங்குன?"

"கேட்டுக்கு முன்னாடியே."

"அது போதும்" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து, அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

நான் படித்து வேலைக்குப் போன பிறகுதான் அம்மா விஷயத்தைச் சொன்னார். நான்கு நாள் நான் ஏறிய மறுநாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில், ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா அப்பாவை நிறுத்தியிருக்கிறார். "தொர பங்களாவுக்கு முன்னால ஒம் மகனுக்கு எறங்கத் தெரியாதா? இன்னொரு தடவ பாத்தா குடும்பத்துக்கே பத்துச்சீட்டு." அந்தச் சீட்டு வந்தால் வேலையும் போகும், குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும். பங்களாவைத் தாண்டும்போது எங்கள் ஆட்கள் குடையை மடக்குவார்கள், சைக்கிளை விட்டு இறங்குவார்கள். யாரோ எப்போதோ போட்ட சட்டம்; ஏற்றம் என்பதால் இறங்குகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். துரைக்கு முன்னால் இறங்கு என்று என்னிடம் சொல்ல அப்பாவுக்கும் வாய் வரவில்லை, மாமாவுக்கும் வரவில்லை.

இதொன்றும் தெரியாத அந்த நாட்களில், ஒரு காலை பெரிய துரை வராந்தாவில் நின்றிருந்தார். மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு போன என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். என் மாமா செய்த அநியாயம் இவருக்காவது புரிகிறதே என்று நானும் பதிலுக்குத் தலையசைத்தேன்.