ஒரு கைப்பிடி வல்லாரை

பாடசாலைகளில் சத்துணவுப் பழக்கமும் உடற்பயிற்சியும் வளர்க்க வேண்டும் என்று வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றுநிருபம் வந்தபோது, அதிபர் யோசிக்காமல் என்னைப் பொறுப்பாசிரியராக்கினார். எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் வேண்டாத பொறுப்பெல்லாம் என் தலையில்தான் வந்து விழும். ஆனால் இதை நான் ஆசையோடு எடுத்துக்கொண்டேன். தெமோதரைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றின் ஒற்றை அறையில் பிறந்தவள் நான். விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஓடுகிற அவசரத்தில் அம்மா தட்டிப் போட்ட கோதுமை ரொட்டியைத் தின்று வளர்ந்தவள். தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

சுவரில் உணவுப் படங்கள் வரைந்து ஒட்டினேன். காலையில் பனிக்குள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, விசிலை ஊதிக் கையைத் தூக்கச் சொன்னேன், குனியச் சொன்னேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு வருவேன். நான் கிட்டே போனதும் மூடிகள் பாதி சாயும். உள்ளே ரொட்டி இருக்கிறதென்று அர்த்தம். "சோறு எங்கே, கீரை எங்கே?" என்று கேட்பேன். அந்த வயதில் நானும் அப்படித்தான் மூடியைச் சாய்த்தேன் என்பது ஏனோ ஞாபகத்துக்கு வரவில்லை.

என் வகுப்பில், தரம் நான்கில், ஒரு சிறுமி இருந்தாள். மூடியைச் சாய்க்கவும் அவளிடம் பெட்டி கிடையாது. அம்மா கொழும்பில் ஒரு வீட்டில் வேலை, அப்பா விடியுமுன்னே தேயிலை மலைக்கு வேலைக்குப் போய்விடுவார். இடைவேளை மணி அடித்தால் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவுவாள். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவளை என் மேசைக்குக் கூப்பிட்டுப் பாதி சாப்பாட்டைக் கொடுத்தேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். என் இரண்டு மகன்களும் பதுளையில் படிக்கிறார்கள். என் சமையலில் உப்பில்லை, புளியில்லை என்று சொல்லியே வளர்ந்தவர்கள். இவளோ சொதியைக்கூட வழித்துச் சாப்பிடுவாள். இரண்டு பள்ளித் தவணையாக அவளுக்காகவே இடியப்பம் அவித்தேன். அவள் என் பிள்ளை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தவணையில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு புது டீச்சர் வந்தார். வயது இருபத்தாறு இருக்கும். சேலைக்குக் கீழே கான்வஸ் சப்பாத்து போட்டிருந்தார். விசில் ஊதவில்லை. மைதானத்திலிருந்து மேட்டுத் தண்ணீர்த் தாங்கி வரை, "என்னைப் பிடியுங்கோ பாப்பம்!" என்று கத்திக்கொண்டு ஓடினார். முழுப் பள்ளிக்கூடமும் பின்னால் ஓடியது. என் வரிசையில் கொட்டாவி விட்டதுகள்தான் முன்னால் ஓடின. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சிரித்தபடி சொன்னேன். சிரிப்புக்குள் வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் என்னிடமே வந்தார்.

"டீச்சர், உங்கட ஆக்கள் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சேக்க வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுக்கிறவையாம். பிள்ளையள்தான் சொன்னவை. புதன்கிழமையில நாங்களும் அப்பிடி ஒரு பானை வைப்பமே?"

உங்கட ஆக்கள்! என் ஆட்களின் வழக்கத்தை எனக்கே சொல்ல வந்துவிட்டார். ஆடி மாதம் என் அம்மாவும் முந்தானையில் ஒரு பிடி அரிசி முடிந்துகொண்டு போவாள். அன்று யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பானையில் உன் பிடியும் இருந்தால் போதும், கை நீட்டி வாங்கிக் குடிக்கலாம். அந்த வழக்கத்தில் வளர்ந்த எனக்கு இந்த யோசனை வரவில்லை. நேற்று வந்தவருக்கு வந்துவிட்டது. "செய்ங்களேன், எனக்கென்ன?" என்றேன்.

புதன்கிழமைகளில் மரத்தடியில் பானை கொதித்தது. ஒருவன் ஒரு பிடி அரிசி கொண்டுவந்தான், ஒருவன் கரட், ஒருத்தி ஒரு பிடி பருப்பு, இன்னொருத்தி அரைத் தேங்காய். எல்லாருக்கும் லயத்துக்கு முன்னால் சின்னக் காய்கறிப் பாத்தியாவது இருந்தது. என் சிறுமிக்கு அதுவும் இல்லை. அவள் லயத்துக்கு மேலே, ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற பீலிக்கரையில், ஈரத்தில் முளைத்த வல்லாரையைப் பறித்து ஒரு பையில் கொண்டுவந்தாள். அதைத்தான் அந்த டீச்சர் எல்லாருக்கும் காட்டி, "இண்டைக்கு இதுதான் ராசா" என்றார்.

அதோடு அவள் என் மேசைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மற்ற நாட்களிலும் வரவில்லை. தோழிகளோடு உட்கார்ந்து அவர்கள் பிய்த்துக் கொடுத்த ரொட்டியைத் தின்றாள். என் பெட்டியில் பாதி இடியப்பம் காய்ந்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஏண்டி, இப்பல்லாம் டீச்சர்கிட்ட வர்றதே இல்ல?"

"அங்க எங்க கீரையும் போடுறாங்க டீச்சர்" என்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நான் செய்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். ஒரு புதன்கிழமை காலைக் கூட்டத்தில், பொறுப்பாசிரியர் என்ற முறையில் ஒலிவாங்கியைப் பிடித்தேன். "மலையில களைக்கு மருந்தடிக்கிறாங்க. அதனால வீட்டுப் பாத்தியில வளந்ததைத் தவிர வேற எந்தக் கீரையும் பானையில போடக் கூடாது. இது சுகாதாரம் சம்பந்தப்பட்ட விசயம்" என்றேன். அதிபர் தலையாட்டினார். கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பீலிக்கு மேலே யாரும் மருந்தடிக்க மாட்டார்கள். முழு லயமும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. லயத்தில் பிறந்த எனக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த விதி ஒரே ஒரு பிள்ளையைத்தான் தடுக்கும் என்பதும் தெரியும். பானையில் இடமில்லாமல் போனால் என்னிடம் திரும்பி வருவாள் என்பதுதான் என் கணக்கு.

கூட்டம் கலைந்ததும் அவள் வேலிக்குப் பின்னால் போய்ப் பையைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். இடைவேளையில் அந்த டீச்சர் இரண்டு தடவை கூப்பிட்டார். போகவில்லை. குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். அன்று முட்டையும் பொரித்திருந்தேன்.

"வா, உக்காரு. ஒனக்குத்தான் கொண்டாந்தேன்."

மேசை வரைக்கும் வந்தாள். உட்காரவில்லை.

"வேணாங்க டீச்சர். நான் இன்னைக்கு ஒண்ணும் கொண்டாரலைங்க."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைப் பொறுமையாக விளக்குகிற மாதிரிச் சொன்னாள். இரண்டு தவணை அவள் என் முன்னால் எப்படி உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாள் என்று அப்போதுதான் யோசித்தேன். பெட்டியை மூடினேன். அன்று அவளும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் அதே ஒலிவாங்கியில், பீலிக்கரைக் கீரை நல்ல கீரைதான், நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றேன். பக்கத்தில் நின்ற புது டீச்சர், "அதுக்கென்ன டீச்சர்" என்று என் கையைத் தொட்டார். அந்த நல்ல குணமும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த புதன்கிழமை, வகுப்பு வாசலில் நின்று பார்த்தேன். சிறுமி அந்த டீச்சர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சோறு போட்டதும் எல்லாரோடும் சேர்ந்து மளமளவென்று சாப்பிட்டாள். பிறகு எழுந்து, தட்டை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் போடுங்க டீச்சர்" என்று சத்தமாகக் கேட்டாள். என்னிடம் அவள் ஒருநாளும் இன்னும் கொஞ்சம் கேட்டதில்லை.