மீனை அழுத்திப் பார்க்கிற விரல்

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிறேன். போன ஆவணியில் என் தங்கை செல்விக்கு எட்டாவது மாதம். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. தலைவலி வேறு. "கால் ஊதுனா ஆம்பளப் புள்ளதான்" என்று அவள் மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் நம்பித் தொலைத்தேன்.

அப்போது நர்ஸம்மா ஒருவர் டிவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்து வலைக் கொட்டகையில் வைத்தார். சினிமா என்று நினைத்துக் கூட்டம் கூடியது. படத்தில், வயிற்றுக்குள் ஒரு குழந்தை விரல் சப்பிக்கொண்டிருந்தது. கடலில்கூட அப்படியோர் அதிசயத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு படத்தில் ஒரு கர்ப்பிணியின் காலை அழுத்திக் காட்டினார்கள். விரலை எடுத்த பிறகும் குழி நின்றது. தலைவலியும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து என்றார்கள்.

மீனை அழுத்தினால் சதை எழும்ப வேண்டும். குழி நின்றால் கெட்டுப்போன மீன். இது எனக்குத் தெரியாதா? பக்கத்திலிருந்த செல்வியின் காலை அழுத்தினேன். குழி அப்படியே நின்றது.

"படம் முடியட்டும், இரும்மா" என்றார் மாமியார்.

"நீயே குந்திப் பாரு. செல்வி, எழுந்திருடி" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

இரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது. விட்டிருந்தால் வலிப்பு வந்து இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் டாக்டர். இரண்டும் பிழைத்தன. பிறந்தது பெண்.

இப்போது கர்ப்பிணி யார் வந்தாலும் காலை அழுத்திப் பார்த்துத்தான் மீனைக் கூறு போட்டுக் கொடுக்கிறேன். மீன் கை என்று முகம் சுளிக்கிறவள் சுளிக்கட்டும். குழி நின்றால் அவளுக்கு மீன் கிடையாது, ஆஸ்பத்திரிதான்.