இடுப்பைத் திருப்பினால் பந்து தூரம் போகுமாம்

இன்று காலை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கையில் குடை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அலுவலகத்தில் கோல்ஃப் போட்டி. போன முறை எல்லோருடைய பந்தும் பறந்தது. என்னுடையது மட்டும் மேலாளரின் காலடியில் போய் நின்றது. அன்றிலிருந்து வீடியோ பார்த்துப் படிக்கிறேன். கையால் அடிக்கக் கூடாதாம். இடுப்பு முதலில் திரும்ப வேண்டுமாம், தோளும் கையும் அதன் பின்னால் வர வேண்டுமாம்.

குடையை கோல்ஃப் மட்டை போலத் தலைகீழாகப் பிடித்து, நாலைந்து முறை இடுப்பைத் திருப்பி வீசிப் பார்த்தேன்.

பக்கத்தில் புடவை மூட்டையோடு நின்ற அக்கா பதறிவிட்டார்.

“இன்னா சார், இடுப்பு புடிச்சிக்கிச்சா? தைலம் இருக்கு, தரட்டுமா?”

“இல்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்.”

“எங்க வூட்டுக்காரரும் இப்பிடித்தான் சொன்னாரு. மூணு நாளு எழுந்திரிக்கல. திருவந்திபுரத்துல சுளுக்கு எடுக்கறவரு இருக்காரு, போய்ப் பாருங்க.”

வேறு வழியில்லாமல் கோல்ஃப் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“பந்து ரொம்ப தூரம் போவணும், அதானே?”

“ஆமாக்கா. எரநூறு மீட்டராவது போவணும்.”

“போனா யாரு எடுத்தாருவாங்க?”

“யாரும் எடுத்தார மாட்டாங்க. நாமதான் அங்க நடந்து போய் மறுபடி அடிக்கணும்.”

“அப்புறம் எதுக்கு சார் அவ்ளோ தூரம் அடிக்கறீங்க?”

அதற்குள் பஸ் வந்துவிட்டது. இப்போது புதுச்சத்திரமும் தாண்டியாயிற்று, எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

கோல்ஃப் தெரிந்தவர்கள் சீக்கிரம் கமென்ட்டில் சொல்லுங்கள். அக்கா முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.