பெடலில் கட்டிய கால்

கிறிஸ்டோபருக்கு ‘வேண்டாம்’ என்ற சொல் வாயில் வரவே வராது. ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் அவரும் நானும் வாசல் காவலாளிகள். முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரத்தைக் கடந்து தினமும் சைக்கிளில் வருவார். நல்ல கனமான பழைய சைக்கிள், கேரியரில் சாப்பாட்டுப் பை. அதுவே போதுமென்று நிம்மதியாகத்தான் இருந்தார்.

அந்த நிம்மதி கெட்டது பேராசிரியர் கலியாணசுந்தரத்தின் நல்ல மனசால். அவருக்கு மூட்டுத் தேய்மானம், இனி சைக்கிள் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தன்னுடைய ரேஸ் சைக்கிளைக் கொண்டுவந்து கிறிஸ்டோபர் கையில் கொடுத்தார். பெடல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததாம். அதை மட்டும் மாற்றிவிடாதே, வண்டிக்கே அதுதான் உயிர் என்றும் சொன்னார். கிறிஸ்டோபர் தலையாட்டிவிட்டு, பழைய சைக்கிளை மச்சானுக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த உயிரைப் பார்த்தால்தான் தெரியும். கால் வைக்க இடமே கிடையாது. எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு இரும்பு, அதில் ஒரு ஸ்பிரிங். அடியில் கொக்கி வைத்த தனி ஷூ இருக்கிறதாம், அதைப் போட்டு மிதித்தால் பெடல் கவ்விக்கொள்ளும். குதிகாலைத் திருப்பினால் விட்டுவிடும். சைக்கிளைக் கொடுத்த சார் ஷூவைக் கொடுக்க மறந்துவிட்டார். எங்களுக்கு யூனிஃபார்மோடு வந்த கறுப்பு ஷூவுக்கோ அடிப்பாகம் வழவழவென்று இருக்கும். இடது கால் வழுக்கும், பெடல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து கால் எலும்பில் அடிக்கும். கிறிஸ்டோபர் பேன்ட்டைத் தூக்கிக் காட்டினால் பார்க்கச் சகிக்காது.

கடையில் சாதாரண பெடல் மாட்டிக்கொள்ளச் சொல்லி நான் சண்டை போடாத நாளில்லை. அவருக்குப் பயம். சார் தினமும் கேட்டில் காரை நிறுத்தி, வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்பார். இவர் சல்யூட் அடித்து, சூப்பர் என்பார். சாரின் முகம் மலர்ந்துவிடும். அந்த முகத்தை வாட வைக்க இவரால் முடியாது, காரணம் மகள் அபி. அதே கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். கட்டணமில்லாத இடம், சார் சொல்லிக் கிடைத்தது. வருடா வருடம் அவர் பரிந்துரைத்தால்தான் அது தொடரும். இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற மனிதர் இல்லை சார். கிறிஸ்டோபருக்கும் அது தெரியும். தெரிந்தும் பயம் விடவில்லை.

கடைசியில் அவர் மனைவி அன்னம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் தறிக்காரர்கள் வீட்டில் பாவு பிணைக்கிறவர். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு முடிந்ததும் அதன் இழையோடு புதுப் பாவின் இழையைச் சேர்த்து விரலால் திரிக்கிற வேலை. அந்த விரல் போட்ட முறுக்கு இழுக்க இழுக்க இறுகுமே தவிர விடாது. கழிவுப் பட்டு நூலைக் கயிறாகத் திரித்து, தினமும் காலையில் கணவர் ஏறி உட்கார்ந்ததும் இடது ஷூவைப் பெடலோடு சேர்த்துக் கட்டிவிடுவார். வேறு ஊர்க்காரியாக இருந்தால் சணலால் கட்டியிருப்பாள், அது பாதி வழியில் அறுந்து தொலைந்திருக்கும்.

வழியில் நிற்க வேண்டி வந்தால் வலது காலை ஊன்றிக்கொள்வார். கேட்டுக்கு வந்ததும் வலது கையால் கம்பத்தைப் பிடித்தபடி வண்டியிலேயே இருப்பார். நான் போய் முடிச்சைப் பிரிப்பேன். மாட்டை அவிழ்த்துவிடுகிற மாதிரி தினமும் இந்தக் கூத்து. எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

அன்றைக்குக் கல்லூரிப் பேருந்துக்காக நான் கேட்டைத் திறந்துகொண்டிருந்தேன். கிறிஸ்டோபர் வந்து கம்பத்தைப் பிடித்தார். பின்னாலேயே சாரின் கார் வந்தது. கார் கண்ணாடி இறங்கியதுதான் தாமதம், கம்பத்தைப் பிடித்திருந்த கை தானாக எழுந்து சல்யூட்டுக்குப் போய்விட்டது. சைக்கிள் இடப்பக்கமாகச் சாய்ந்தது. மனிதர் கட்டிய காலோடு அப்படியே விழுந்தார்.

சார் பதறி இறங்கி ஓடிவந்தார். பட்டு முடிச்சைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிய அபி, புத்தகப் பையைப் போட்டுவிட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“சார், அப்பாவால இந்தப் பெடல்ல மிதிக்க முடியல சார். தினமும் அடிபட்டுக்கினு வராரு. உங்க மனசு கஷ்டப்படும்னு சொல்ல மாட்டேங்கறாரு” என்றாள்.

எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. சார் கோபப்படவில்லை. முகம்தான் சிறுத்துவிட்டது. குனிந்து, “அப்படியா கிறிஸ்டோபர்? சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருக்கலாமே” என்றார்.

ஒரே ஒரு ‘ஆமாம் சார்’ போதும். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். தரையில் கிடந்தபடியே கிறிஸ்டோபர் மகளைப் பார்த்தார், பிறகு சாரைப் பார்த்தார்.

“இல்ல சார். பாப்பாவுக்குத் தெரியாது. வண்டி சூப்பரா இருக்குது சார்.”

சாருக்கு உயிர் வந்தது. ஷூ இல்லாததால்தான் இந்தக் கட்டு என்று எடுத்துக்கொண்டு, ஷூ வீட்டில்தான் இருக்கிறது, நாளைக்கே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். சாரின் பாதம் குழந்தைப் பாதம். அந்த ஷூவில் கிறிஸ்டோபரின் கால் பாதிகூட நுழையாது. அதற்கும் இவர் தலையாட்டினார். வந்த ஆத்திரத்தில் கயிற்றை அறுக்கக் கத்தி எடுத்துவர ஓடினேன்.

நான் திரும்பி வந்தபோது அபி முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்பா அப்படிச் சொன்ன? அவரே நல்லாத்தான கேட்டாரு?”

அவர் ஷூவிலிருந்த மண்ணைத் தட்டினார்.

“உனக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்குதும்மா.”