பரஸ்தானம் வைத்த புடவை

என் பாவாடை அன்றைக்குக் கை தவறிப் போகவில்லை. எழுபது வயது தாண்டியும் இதை நான் அடித்துச் சொல்வேன். கை தவறின பாவாடை நாலாக மடிந்து, அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளுமா?

அப்போது எனக்கு ஒன்பது வயது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, துறைமுகத்தில் குமாஸ்தா. அவருடைய துரையிடம் ஒரு பாய்மரப் படகு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டு மனுஷர்களை அழைத்து வா, அஸ்தமிக்கிற வரைக்கும் கடலில் ஒரு சுற்றுச் சுற்றலாம் என்று அந்த துரை சொல்லிவிட்டார். மாமாவைத் தவிர மூன்று பேருக்குத்தான் இடம். அப்பா, அண்ணா, நான் என்று முடிவாயிற்று. அம்மாவை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவளுக்கு நடுக்கடல் தண்ணீர் ஒரு குப்பி கொண்டுவருவதாகச் சத்தியமே செய்து கொடுத்திருந்தேன். பாய் விரிகிறபோது எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அண்ணாவோடு இரண்டு தடவை அடிதடி நடந்தது.

அப்புறம்தான் அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். மாமா இரவல் வாங்கிய மோட்டார் காரோ ஐந்து மணிக்குத்தான் வரும். ராகு காலத்தில் கிளம்பிக் கடலுக்குப் போவதா என்று அப்பா முகத்தைச் சுளித்தார். ஆனால் எங்கள் மனுஷர்களிடம் எதற்கும் ஒரு பரிகாரம் உண்டே! காலையில் நல்ல வேளையில், போகிறவர்களின் துணியை மூட்டை கட்டி எதிர் வீட்டில் வைத்துவிட்டால் பிரயாணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பெயர் பரஸ்தானம். சாயங்காலம் அந்தத் துணியை உடுத்திக்கொண்டு எந்த வேளையிலும் புறப்படலாம். வைத்ததைப் பிரயாணம் போகாமல் வீட்டுக்குள் திருப்பிக் கொண்டுவரக் கூடாது, அவ்வளவுதான்.

அப்பாவின் ஜரிகை அங்கவஸ்திரம், அண்ணாவின் சட்டை, என் பச்சைப் பட்டுப் பாவாடை. மூன்றையும் நானே என் கையால் அடுக்கினேன். மூட்டை கட்டி எதிர் வீட்டு மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தது அம்மா.

சாயங்காலம் கார் வந்து நின்றது. எல்லோரும் எதிர் வீட்டுக்குப் போனோம். அம்மாவும் வந்தாள். தலையை வாரிப் பின்னி, பூ வைத்துக்கொண்டு, வழியனுப்ப வருகிறவள் இப்படியா வருவாள்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அப்பா மூட்டையை அவிழ்த்தார். அங்கவஸ்திரம் வந்தது, சட்டை வந்தது. மூன்றாவதாக அம்மாவின் மாம்பழக் கலர்ப் புடவை வந்தது.

அப்பா புடவையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா மெதுவாகச் சொன்னாள்: "கட்டறச்சே மாறிப் போயிடுத்து போலிருக்கு. வச்சதை ஆத்துக்குள்ள திருப்பிக் கொண்டு போகப்படாதுன்னு நீங்கதானே சொன்னேள்? இப்போ என்ன பண்றது?"

என்ன பண்ணுவார்? அவர் போட்ட சட்டம் அவர் கழுத்தையே பிடித்தது. பரஸ்தானம் வைக்காத நான் ராகு காலத்தில் கிளம்பக் கூடாது; வைத்த அம்மா கிளம்பாமல் இருக்கக் கூடாது. நான் தரையில் புரண்டு அழுதேன். பொய், பொய் என்று கத்தினேன். பெரியவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்றதற்காக அப்பாவிடம் ஓர் அறையும் வாங்கினேன். அம்மா உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். என் பக்கம் திரும்பாமல் காரில் ஏறினாள். பெற்றவள் செய்கிற காரியமா இது? எதிர் வீட்டு மாமி ஒரு தட்டில் முறுக்கை வைத்து, அடுத்த தடவை போகலாம் என்றாள். அந்த அடுத்த தடவை வரவேயில்லை. மாமா ரங்கூனுக்குப் போய்விட்டார்.

ஏழரை மணிக்குத் திரும்பி வந்தார்கள். நான் சாப்பிடாமல் கூடத்து மூலையில் படுத்திருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தலை கலைந்திருந்தது. நெற்றிக் குங்குமம் உப்புத் தண்ணீரில் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"சூரியன் கடல்ல விழலடி, நம்ம ஊருக்குப் பின்னாலதான் விழறது," என்றாள். "அதோ அதான் மயிலாப்பூர்னு உன் மாமா காட்டினான். சுண்டு விரலை நீட்டிப் பாத்தேன். அத்தனையும் மறைஞ்சு போச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நானும் அதுக்குள்ளதானே இருந்தேன்?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி, நீயும்தான்," என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து அப்பா சாதம் போடச் சொல்லிக் குரல் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அம்மாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. என் இடத்தைத் திருடினதற்காகத்தான் அழுகிறாள், நன்றாக அழட்டும் என்று நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். திரும்பி வந்ததற்காகவும் ஒருத்தி அழுவாள் என்று ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?